விரல் கடிக்கும் சடங்கு

ஸ்பெயின், வடக்கு மலைப்பகுதி
செப்டம்பர் 9, 1990

அன்புத் தங்கை தமகிக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். நீயும் கோஹெய் மாப்பிள்ளையும் அம்மாவும் அங்கே சௌக்கியம்தானே?

ஜப்பான் கதையை எடுக்க எதற்கு ஸ்பெயினுக்குப் போகவேண்டும் என்று கிளம்பும்போது கேட்டாய். இங்கே வந்துதான் காரணம் தெரிந்தது. நம் ஊரில் கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு மின்கம்பம் வந்து நிற்கிறதாம். இங்கே மலை, மூடுபனி, புல், மாடு. மாட்டை விரட்டிவிட்டால் நானூறு வருடத்துக்கு முந்தைய ஜப்பான் தயார்.

எனக்கு ஒரு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். அதன் முதுகில் 'ஜப்பானியப் பழக்கவழக்க ஆலோசகர்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. இருபத்தாறு வருடம் கியோட்டோ ஸ்டுடியோவில் கதாநாயகர்களின் வாளால் வெட்டுப்பட்டு விழுந்தவன் நான். அங்கே உட்கார ஒரு முக்காலி கொடுத்தவர் இல்லை. இந்த நாற்காலியில் முதல் நாள் நான் உட்காரவே இல்லை, பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

டைரக்டர் பெயர் லென்னர்ட். அமெரிக்கர். நான் எதிர்பார்த்த மாதிரி கத்துகிற ஆள் இல்லை. எப்போதும் கையில் ஒரு நோட்டு. "மிஸ்டர் நினோமியா, தப்பு தெரிஞ்சா தயங்காம சொல்லுங்க. உங்க முன்னோர்களுக்கு நான் மரியாதைக்குறைவு பண்ணிடக் கூடாது" என்கிறார். நம் முன்னோர் மூன்று தலைமுறையாக டோஃபு விற்றவர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

அம்மாவிடம் நான் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன் என்று சொல். 

உன் அண்ணன்,
தெய்ஜி


ஓசு
அக்டோபர் 2, 1990

அன்புள்ள அண்ணா,

கடிதம் கிடைத்தது. அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் யாருக்கும் தரவில்லை. உறையின் மேலிருக்கிற ஸ்பெயின் தபால்தலையைப் பார்க்க எதிர்வீட்டு கிகுச்சி அக்கா இரண்டு தடவை வந்தாள். இரண்டு தடவையும் டீ போட்டது நான்.

நேற்று ஹிஜி ஆற்றங்கரையில் தெருக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து கிழங்குக் குழம்பு வைத்தோம். அம்மாவும் வந்தாள். "என் மகன் வெள்ளைக்காரங்களுக்கு ஜப்பான் சொல்லிக் கொடுக்கப் போயிருக்கான்" என்று பானையைச் சுற்றி உட்கார்ந்த ஒவ்வொருவரிடமும் சொன்னாள். கோஹெய் சும்மா இராமல், "மச்சான் இதுவரைக்கும் படத்துல ஆயிரம் தடவை செத்திருப்பார், ஒரு தடவையாவது உயிரோட வீட்டுக்கு வரச் சொல்லுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நீ ஓசுவுக்கு வந்து நான்கு புத்தாண்டு ஆகிவிட்டது. அம்மாவுக்கு எழுபத்தெட்டு.

உனக்கு அவ்வளவு விஷயம் தெரியுமா அண்ணா? பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடத்தில் நீ வாங்கிய மதிப்பெண்ணை அம்மா மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

குளிருக்குக் கம்பளி உள்ளாடை தனிப் பார்சலில் வருகிறது.

தமகி


ஸ்பெயின்
நவம்பர் 14, 1990

அன்புள்ள தமகி,

கம்பளிக்கு நன்றி. போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நீ விளையாட்டாக எழுதியது நெஞ்சில் தைத்தது. எனக்கு என்ன தெரியும்? வெட்டுப்பட்டால் எந்தப் பக்கம் புரள வேண்டும், ஒப்பனை ரத்தம் கண்ணில் படாமல் எப்படிச் சாய வேண்டும், அவ்வளவுதான். இவர்களோ, நான் ஏதோ அந்தக் காலத்தில் வாழ்ந்துவிட்டு நேற்றுதான் திரும்பியவன் போலக் கேட்கிறார்கள். கோட்டைத் தலைவன் எந்தக் கையால் கிண்ணத்தை எடுப்பான்? தூதுவன் எத்தனை அடி தள்ளி மண்டியிடுவான்? முதல் வாரம் இரண்டு தடவை "தெரியாது" என்றேன். இரண்டு தடவையும் தயாரிப்பு மேலாளர் லென்னர்டைத் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது தடவையிலிருந்து சொல்ல ஆரம்பித்துவிட்டேன். ஏதோ ஒன்று.

தெரிந்ததையும் காப்பாற்ற முடியவில்லை. பாய் விரித்த அறையில் எல்லாரும் தோல் பூட்ஸோடு சண்டை போட்டார்கள். கழற்றவைத்தேன். கதாநாயகன் வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகியது. மறுநாள் பூட்ஸ் திரும்ப வந்துவிட்டது. கிராமத்துக் கும்பல் காட்சியில் இருநூறு பேரும் கிமோனோவை வலது பக்கம் மேலே வருமாறு மடித்துக் கட்டியிருந்தார்கள், நாம் பிணத்துக்குக் கட்டுகிற மாதிரி. மூன்று நாள் எடுத்து முடித்த பிறகுதான் நான் கவனித்தேன். சொன்னதும் உடை பார்க்கிற பெண் அழுதுவிட்டாள். எடிட்டர் ஒரு வழி சொன்னார்: ஃபிலிமைத் திருப்பிப் போட்டுவிட்டால் இடது வலதாகிவிடும். சரிதான். ஆனால் வாளெல்லாம் வலது இடுப்புக்குப் போய்விட்டது. கொடியில் எழுதியிருந்ததும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. "பரவாயில்லையா?" என்று கேட்டார்கள். பரவாயில்லை என்றேன்.

போன வாரம் லென்னர்ட் வேறொன்று கேட்டார். கணவன் சாகப்போகிற போருக்குக் கிளம்புகிறான். மனைவி அழக் கூடாது, திரும்பி வா என்று சொல்லவும் கூடாது. அவள் என்ன செய்வாள்? "மூணு புத்தகம் தேடிட்டேன், ஒண்ணுலயும் இல்ல. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார். நான் ஒன்று சொன்னேன். அவர் கண் கலங்கி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

அம்மா எப்படி இருக்கிறாள்? படத்தைப் பற்றி அவளிடம் அதிகம் பேசாதே.

தெய்ஜி


ஓசு
நவம்பர் 25, 1991

அண்ணா,

நீ ஜப்பானுக்குத் திரும்பி ஒரு வருடமாகப் போகிறது. கியோட்டோவிலிருந்து இங்கே வர ஒரு நாள் போதும். நீ வரவில்லை. படம் வந்துவிட்டது. அது வந்ததையும் நீ எங்களுக்குச் சொல்லவில்லை, கிகுச்சி அக்காதான் பேப்பரில் பார்த்துச் சொன்னாள்.

அம்மாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று தெருச் சங்கத்தில் ஒரு பஸ் ஏற்பாடு செய்தோம். இருபத்து மூன்று பேர். மட்சுயாமா தியேட்டரில் போன ஞாயிறு மதியக் காட்சி. அம்மா கறுப்புக் கிமோனோ கட்டிக்கொண்டாள், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி.

முதல் அரை மணி நேரம் எல்லாரும் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரே தோட்டத்தில் வசந்தகாலச் செர்ரியும் பூத்திருக்கிறது, இலையுதிர்கால மேப்பிளும் சிவந்திருக்கிறது. இடவலம் மாறிய எழுத்தோடு கொடி வந்தபோது பின்வரிசைப் பையன்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். அதையும் பொறுத்துக்கொண்டோம்.

அப்புறம் அந்தக் காட்சி. விடியற்காலை. நாற்பது வீரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். எதிரே நாற்பது மனைவிகள். முரசு அடிக்கிறது. நாற்பது பேரும் சுண்டுவிரலை நீட்டுகிறார்கள். மறுபடி முரசு. நாற்பது பெண்களும் ஒரே நேரத்தில் குனிந்து விரலைக் கடிக்கிறார்கள். அண்ணா, தியேட்டரே அதிர்ந்தது. யாரோ ஒருவன் "காலைல ஒண்ணும் சாப்பிடல போலிருக்கு!" என்று கத்தினான். நம் பஸ்ஸில் வந்தவர்களும் சிரித்தார்கள். கிகுச்சி அக்கா அம்மாவை இடித்து, "உங்க பையன் எங்கேர்ந்து புடிச்சான் இதை?" என்று கேட்டாள். அம்மா புன்னகை மாறாமல் "தெரியலையே" என்றாள்.

கடைசியில் உன் பெயர் வந்தது. பெரிதாகத்தான் போட்டிருந்தார்கள். நாங்கள் யாரும் கை தட்டவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டே வந்தாள். வாந்தி வருகிறதோ என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் குழாயடியில் நின்று வாயைக் கொப்பளித்தாள். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. நான் போய்க் குழாயை மூடும்வரை. அன்றிலிருந்து வாசல் தாண்டவில்லை. கஞ்சி மட்டும் குடிக்கிறாள். பேச்சு இல்லை.

சரித்திரச் சங்கத்து ஹ்யோதோ ஐயா உள்ளூர்ப் பேப்பரில் எழுதியிருக்கிறார். அமெரிக்கப் பத்திரிகைகள் எல்லாம் 'உண்மையான பண்டைய ஜப்பானியச் சடங்கு' என்று இதைப் புகழ்கின்றனவாம். எந்தச் சமஸ்தானத்து ஆவணத்தில் இது இருக்கிறது, நம் ஊர்க்காரரான நினோமியா அவர்கள் விளக்கினால் நன்றாயிருக்கும் என்று மிகப் பணிவாகக் கேட்டிருக்கிறார். அவருடைய பணிவைப் படித்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. என்னால் கடைத்தெருவில் தலைகாட்ட முடியவில்லை.

எங்கிருந்து பிடித்தாய் இதை? எனக்காவது சொல்.

தமகி


கியோட்டோ
டிசம்பர் 3, 1991

தமகி,

அம்மாவுக்குத் தெரியாமல் படி.

எனக்கு எட்டு வயது, உனக்கு ஐந்து. அப்பாவுக்குப் படையில் சேரச் சொல்லும் சிவப்புக் காகிதம் வந்து அவர் ராணுவத்துக்குக் கிளம்பிய காலை. வாசலில் தெருவே கொடியோடு நின்றது. நீ தூங்கிக்கொண்டிருந்தாய். நான் அப்பாவைத் தேடிக் கடைப்பக்கம் போனேன். டோஃபு ஊறவைக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் அப்பாவும் அம்மாவும் நின்றார்கள். அப்பா விரலை நீட்டிக்கொண்டிருந்தார். அம்மா அதை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் கண் மூடியிருந்தது. நான் நகரும் கதவின் இடுக்கு வழியே பார்த்தேன். அப்பா வெளியே போனதும் அம்மா என்னைக் கண்டுவிட்டாள். உள்ளங்கையால் என் வாயை அழுத்திப் பொத்தி, "நீ ஒண்ணும் பார்க்கல" என்றாள். நான் பார்க்கவில்லை என்று தலையாட்டினேன்.

திரும்பி வா என்று சொல்ல முடியாத காலம். வாயால் சொல்ல முடியாததை அவள் பல்லால் சொன்னாள் என்று பிற்பாடு புரிந்துகொண்டேன். ஒரு பெண் புருஷனிடம் காட்டிய ஆசையைப் பிள்ளை பார்த்துவிட்டான் என்ற வெட்கத்தில்தான் வாயைப் பொத்தினாள் என்றும் நினைத்தேன். நாற்பத்தாறு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவியாக இருந்தவளிடம்கூட.

லென்னர்ட் அப்படிக் கேட்டபோது, அத்தனை நாளில் முதல் தடவையாக எனக்கு நிஜமாகவே ஒன்று தெரிந்திருந்தது, தமகி. அந்தச் சந்தோஷத்தில் சொல்லிவிட்டேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம், 'என் அம்மா செய்தாள்' என்று. அவர் "எல்லா மனைவிகளும் செய்வாங்களா? சடங்கா?" என்று கேட்டார். டோஃபுக் கடை என்று சொல்ல வேண்டியிருக்குமே. "ஆமாம்" என்றேன். எந்த விரல் என்றார். எனக்குச் சுட்டுவிரல் என்று ஞாபகம். "சுண்டுவிரல் இன்னும் அழகா இருக்குமே, ஜப்பான்ல சுண்டுவிரல்தானே விசேஷம்?" என்றார். அதற்கும் "ஆமாம்" என்றேன். நாற்பது பேர், முரசு எல்லாம் பிறகு வந்தது. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் முழுக்க அவர்கள் செய்த தப்புகளைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் இங்கே ஸ்டுடியோவில். அவர்கள் தெரியாமல் செய்தார்கள். நான்?

தெய்ஜி


ஓசு
டிசம்பர் 10, 1991

அண்ணா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு அடுப்பில் போட்டேன்.

அம்மா ஏன் வாயைக் கழுவினாள் என்று இப்போது தெரிகிறது. அவளை அந்தத் தியேட்டருக்கு அழைத்துப்போனது நான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கொஞ்சம் சிரித்தேன். இதை எப்படிக் கழுவுவது?

அப்பாவைப் பற்றி எனக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை. பிலிப்பைன்ஸ் கடலில் கப்பல் மூழ்கி, அஸ்திக்குப் பதிலாகப் பெயர் எழுதிய காகிதத்தோடு ஒரு வெள்ளைப் பெட்டி வந்ததே, அதுதான் எனக்கு அப்பா. உன்னிடம் உயிரோடு ஒரு ஞாபகம் இருந்திருக்கிறது. அதை எனக்குச் சொல்லவில்லை. முன்பின் தெரியாத வெள்ளைக்காரருக்குச் சொன்னாய்.

ஹ்யோதோ ஐயா பதிலுக்குக் காத்திருக்கிறார். என்ன சொல்வாயோ சொல். அம்மாவை மட்டும் இழுக்காதே. புத்தாண்டுக்கு வர வேண்டாம்.

தமகி


கியோட்டோ
ஜனவரி 20, 1992

தமகி,

பேப்பருக்கு எழுதிவிட்டேன். இந்த வாரம் வரும். நீ வேறு யார் மூலமாகவோ தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக இங்கேயே எழுதுகிறேன்:

'திரைப்படத்தில் வரும் விரல் கடிக்கும் சடங்கு எந்த ஆவணத்திலும் இல்லை. எந்தக் காலத்திலும் எங்கும் எந்தப் பெண்ணும் அப்படிச் செய்ததில்லை. கேட்டதற்குப் பதில் தெரியாமல் நானாகக் கற்பனை செய்து சொன்னேன். என்னை நம்பிய டைரக்டரிடமும் ஊர் மக்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.'

இதையே லென்னர்டுக்கும் எழுதினேன். பதில் வந்தது. திட்டவில்லை. திட்டியிருக்கலாம். 'நீங்கள் தெரியாது என்று சொல்லியிருந்தால் அந்த இடத்தை நான் மௌனமாக விட்டிருப்பேன்' என்று எழுதியிருக்கிறார். பேட்டி கொடுத்த இடமெல்லாம் அவர்தான் இனி விளக்கம் சொல்ல வேண்டும். அடுத்த படத்துக்கு வேறு ஆலோசகர் பார்க்கிறார்கள். ஸ்டுடியோ கேன்டீனில் நான் நுழைந்தால் பழைய கூட்டாளிகள், "இருபத்தாறு வருஷம் பொய்யா விழுந்தவன் இப்பதான்டா நிஜமா விழுந்திருக்கான்" என்கிறார்கள். சிரித்துக்கொண்டே டீ குடிக்கிறேன்.

அம்மாவின் பெயர் எங்கும் இல்லை. இனி வராது. அவள் கஞ்சியை விட்டுச் சோறு சாப்பிடுகிறாளா என்று மட்டும் ஒரு வரி எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

தெய்ஜி


ஓசு
பிப்ரவரி 11, 1992

அண்ணா,

சோறு சாப்பிடுகிறாள். எப்படி என்று எழுதத்தான் இந்தக் கடிதம்.

பேப்பரை ஒளித்துவைத்தேன். கிகுச்சி அக்கா கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். அம்மா பூதக்கண்ணாடி வைத்து மூன்று தடவை படித்தாள். "பொய் எழுதியிருக்கான்" என்றாள். இரண்டரை மாதத்தில் அவள் பேசிய முதல் முழு வாக்கியம். "உனக்காகத்தானே எழுதினான்" என்று நான் வாய்விட்டு, எனக்கு எல்லாம் தெரியும் என்று காட்டிக்கொண்டுவிட்டேன். பிறகு பேனா எடுக்கச் சொன்னாள். "தெய்ஜிக்குன்னு எழுது. நான் சொல்றதை மட்டும் எழுது, அழகு பண்ணாதே" என்றாள். கீழே இருப்பது அவள் சொன்னது.

'தெய்ஜி, நீ கதவுக்குப் பின்னால நின்னதை நான் முன்னாடியே பார்த்துட்டேன். வாயைப் பொத்தினது வெட்கத்துல இல்ல. ஜெயிலுக்குப் போற விஷயம். ஆசையில கடிச்சேன்னு நினைச்சியா? வலது கை சுட்டுவிரல் இல்லன்னா துப்பாக்கி பிடிக்க முடியாது. திருப்பி அனுப்பிடுவாங்க. காகிதம் வந்த நாள்லேர்ந்து நானும் உங்கப்பாவும் இதைத்தான் பேசிக்கிட்டிருந்தோம். டோஃபு வெட்டுற கத்தி வேணாம்னார், வெட்டு நேரா இருந்தா கண்டுபிடிச்சுடுவாங்க. மேல் ஊர்ல ஒருத்தன் அப்படித்தான் மாட்டினான். நாய் கடிச்சதா இருந்தா சொல்லிக்கலாம். பின்பக்கத்து வீட்ல ஒரு வெறி பிடிச்ச நாய் இருந்துச்சு. நான் கடிக்கிறேன்னு சொன்னேன். நான்தான் சொன்னேன்.

நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போட்டுக் கடைசி நாளே வந்துடுச்சு. வாசல்ல கொடியை ஆட்டி பன்சாய் பன்சாய்னு ஜே போடுறாங்க. விரலை நீட்டினார். சோயா வாசனை அடிச்சுது. பல்லு எலும்புல பட்டுச்சு. அவர் கையை இழுக்கல. அசையல. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருக்கணும். என்னால முடியல. வாயை எடுத்துட்டேன். "பரவால்ல, விடு"ன்னு சொல்லிட்டு, கையைச் சட்டைப் பைக்குள்ள விட்டுக்கிட்டு வெளியே போனார்.

அந்தப் படத்துல நாற்பது பேரும் எவ்வளவு மெதுவாக் கடிச்சாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் அவ்வளவுதான் கடிச்சிருக்கேன்னு அங்க உட்கார்ந்து தெரிஞ்சுகிட்டேன். நீ சொன்னதுக்கு எனக்குக் கோபம் இல்ல. எந்தப் பொம்பளையும் செஞ்சதில்லன்னு எழுதினியே, அதுக்குத்தான் கோபம். செய்யப் பார்த்தவ ஒருத்தி இருந்தா.'

இவ்வளவுதான் சொன்னாள். சொல்லி முடித்ததும் சோறு கேட்டாள். 

ஏப்ரலில் வா அண்ணா. ரயில் நேரத்தை எழுது, கோஹெய் வண்டியோடு ஸ்டேஷனுக்கு வருகிறாராம். அம்மா வரச் சொல்லவில்லை. ஆனால் உன் மெத்தையை வெயிலில் போடச் சொன்னாள்.

உறையில் போடுவதற்கு முன் எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒரே ஒரு இடத்தில் நிறுத்தினாள். 'நானும் அவ்வளவுதான் கடிச்சிருக்கேன்' என்று இருக்கிறதே, அதில் அவளுக்குத் திருப்தி இல்லை. "கடிச்சேன்னு எழுதாதே. கடிக்கல. வாயில வச்சிருந்தேன், அவ்வளவுதான்" என்றாள். அடித்துத் திருத்தட்டுமா என்றேன். "வேணாம். நான் என்ன சொன்னேன், அப்புறம் என்ன சொன்னேன், ரெண்டும் அவனுக்குத் தெரியட்டும்" என்றாள்.

தமகி